சிசேரியன் தழும்பு: எப்போது சும்மா விட வேண்டும், எப்போது கை வைக்க வேண்டும்

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பதன் சுருக்கம் இது. முதல் குழந்தை, அவசர சிசேரியன், மூன்று வாரம் ஆகிறது. தையல் போட்ட இடம் மூடிவிட்டது. ஆனால் கறுத்து, தடித்து, அரிக்கிறது. தழும்புக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. இடது முனையில் அரிசியளவுக்கு ஏதோ கட்டி தட்டுப்படுகிறது. மாமியார் மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறார், தண்ணீரைக் குறைக்கவும் சொல்கிறார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), பெங்குங் என்ற நீளத் துணியை வயிற்றில் சுற்றிக் கட்டி, சூடான கல்லால் ஒத்தடம் கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பினாங்கில் பேறுகால வார்டிலும் பிறகு கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுச் சுகாதார கிளினிக்கிலும் நெடுங்காலம் நர்ஸாக வேலை செய்தவள் நான். இந்தக் கேள்வியை இதே வரிசையில், இதே கவலையோடு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. முதல் ஆறு வாரம், தழும்பைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்துக்கொண்டு சும்மா விட வேண்டிய காலம். அதற்குப் பிறகுதான் கை வைத்துத் தேய்த்து இளக்க வேண்டிய காலம். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பூசுவது, சூடு வைப்பது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் முதல் மாதத்திலேயே நடந்துவிடும். நாற்பது நாள் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால், அப்புறம் அந்தத் தழும்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்றவளே பார்ப்பதில்லை.

வெளியே தெரிவது கிட்டத்தட்ட 10 முதல் 15 செண்டிமீட்டர் நீளக் கோடு. உள்ளே நடந்தது அதைவிடப் பெரியது. தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, வயிற்றின் உள்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக வெட்டித் திறந்து, குழந்தையை எடுத்த பிறகு உள்ளிருந்து வெளியே மூடிக்கொண்டு வருகிறார்கள். வயிற்றின் நடுத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்கித்தான் விடுகிறார்கள். தோல் மேல்புறம் இரண்டு நாளிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வயிற்றைத் தாங்குகிற அந்த உறை, ஆறு வாரம் ஆகியும் தன் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருக்கும். தழும்பு முழுதாக முற்றி அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். வெளியே ஆறிவிட்டது என்று பார்த்து வாளியைத் தூக்குகிறோமே, அந்த நேரத்தில் உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது.

அந்தக் கோடு ஏன் படுக்கை வசத்தில், உள்ளாடை மறைக்கிற இடத்தில் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1900-இல் ஃபானென்ஷ்டீல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த முறை அது. நம் பாட்டிமார் சிலருக்குத் தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கும் தழும்பு இருக்கும். அதைவிட இந்தக் குறுக்குத் தழும்புக்கு வலி குறைவு, குடலிறக்கம் வரும் வாய்ப்பும் குறைவு. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. வயிற்று மடிப்பு சரியாக அதன் மேல்தான் வந்து விழும். நம் ஊர் வெக்கையில் அதுதான் பெரிய பிரச்சினை.

அதனால் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வியர்வையைப் பற்றிப் பேச வேண்டும். மடிப்புக்குள் ஈரம் தங்கினால் தோல் ஊறி வெளுக்கும், பிறகு விரியும், கிருமிக்கு அது போதும். குளிக்கும்போது நின்றபடி ஷவரிலோ செம்பால் மெதுவாக ஊற்றியோ குளியுங்கள். சோப்பு நுரை தழும்பின் மேல் வழிந்து போனால் போதும், நாரோ துணியோ போட்டுத் தேய்க்க வேண்டாம். குளித்து முடித்ததும் கட்டிலில் மல்லாந்து படுங்கள். ஒரு கையால் வயிற்றை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தழும்புக்கென்றே தனியாக வைத்திருக்கும் சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். அப்புறம் அப்படியே பத்து நிமிஷம் மின்விசிறிக் காற்றுப் படும்படி படுத்திருங்கள். மதியத்தில் வியர்த்துப் போனால் இன்னொரு முறை செய்யுங்கள். பவுடர் போட வேண்டாம், அது ஈரத்தில் குழைந்து மடிப்பிலேயே உட்கார்ந்துவிடும். உள்ளாடை பருத்தியாக, இடுப்புக்கு மேல் ஏறி நிற்கிறதாக இருக்கட்டும். பழைய உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தழும்பின் மேல் வந்து அறுக்கும். வீட்டில் இருக்கும்போது தளர்வாகக் கட்டிய பாத்தேக் கைலியைவிட நல்ல உடுப்பு இதற்குக் கிடையாது.

தொட்டியில், குளத்தில், கடலில் இறங்குவதெல்லாம் புண் முழுக்க ஆறி, ரத்தப்போக்கும் நின்ற பிறகுதான். நம் பினாங்குக் கடற்கரையான பத்து பெரிங்கி எங்கேயும் போய்விடாது.

சரி, மஞ்சளுக்கு வருவோம். உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். அவர் காலத்தில் சுகப்பிரசவத்துக்குப் பிறகு உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதில் தவறில்லை. அது முழுத் தோல். இது வெட்டித் தைத்த இடம். அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்த விழுது கிருமியில்லாத பொருள் கிடையாது. காய்ந்த பிறகு தையல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். இன்னொன்றும் இருக்கிறது. தோல் மஞ்சளாகிவிட்டால், சிவந்திருக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, தெரியாது. மஞ்சளைக் குழம்பில் போடச் சொல்லுங்கள், மறுக்க வேண்டாம். கடலட்டையில் எடுக்கும் காமாட் எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் இதே பதில்தான். புண் முழுக்க மூடும்வரை அதன் மேல் எதுவும் வேண்டாம், மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர.

கல் ஒத்தடத்தில் நான் கண்டிப்பானவள். மலாய்க்காரர்களின் துங்கு நல்ல பழக்கம்தான். சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி இடுப்பிலும் முதுகிலும் காலிலும் வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் உங்களுக்குத் தழும்புக்கு மேலே மரத்திருக்கிறது என்கிறீர்கள். மரத்த தோலுக்குச் சூடு அதிகமானால் தெரியாது. கல் எடுத்த பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டது தெரியவரும். வெந்நீர்ப் பைக்கும் இது பொருந்தும். அடிவயிற்றில் வேண்டவே வேண்டாம். முதுகுக்கும் தோளுக்கும் வைக்கச் சொல்லுங்கள், பால் கொடுத்துக் கொடுத்து அங்கேதான் வலிக்கும். வயிற்றை அமுக்கி உருவிவிடுகிற மசாஜும் இப்போது கூடாது. கை, கால், தோள் போதும்.

பெங்குங் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆப்பரேஷன் முடிந்த முதல் நாட்களில் வயிற்றுக்கு ஒரு தாங்கல் இருந்தால் எழுந்து நடக்க வலி குறைவாகவே இருக்கும். மருந்துக் கடையில் விற்கும் ஒட்டுப் பட்டையும் அதற்குத்தான். தாங்குகிற அளவுக்குக் கட்டலாம். வயிறு உள்ளே போக வேண்டும் என்று இறுக்கிக் கட்டுவதுதான் தவறு. மூச்சு இழுத்துவிட முடியாமல் போகும், அழுத்தம் கீழே இறங்கி இடுப்பின் அடித்தளத் தசைகளைத் தள்ளும், துணிக்கு அடியில் தழும்பு வியர்வையில் ஊறும். கட்டியபின் வயிற்றுக்கும் துணிக்கும் இடையில் உள்ளங்கையை நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள். வயிற்றில் பூசும் மருந்துப் பத்து தழும்பின் மேல் படக் கூடாது. பெங்குங் கட்டினால்தான் கர்ப்பப்பை சுருங்கும் என்பதும் சரியல்ல. அது தானாகவே சுருங்கும், பால் கொடுக்கும்போது இன்னும் நன்றாகச் சுருங்கும். அந்த நேரத்தில் அடிவயிற்றில் பிடிக்கிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

தண்ணீரைக் குறைப்பது பற்றி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். புண்ணில் நீர் கோத்துவிடும், வயிறு தொங்கிவிடும் என்று சொல்வார்கள். நடப்பது வேறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கலில் முக்கினால் அந்த அழுத்தம் முழுக்கத் தையல் போட்ட உறையில்தான் இறங்கும். சிறுநீர்த் தொற்றும் வரும். எல்லாவற்றையும்விட, பிரசவத்துக்குப் பிறகு, அதிலும் சிசேரியனுக்குப் பிறகு, காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கனவே கூடுதல். தண்ணீர் இல்லாமல் நாளெல்லாம் படுத்தே கிடந்தால் அது இன்னும் கூடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் மறுநாளே எழுப்பி நடக்கவிடுகிறார்கள், சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் ஊசி போட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்கள். தாகத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு குவளை இருக்கட்டும். 'சூடாகக் குடிக்கிறேன் அத்தை' என்று சொன்னால் பெரும்பாலான மாமியார்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

சாப்பாட்டில் நம் பத்தியத்தில் பாதி நன்மைதான். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, நாட்டுக்கோழி ரசம் எல்லாம் புரதம். புண் ஆற உடம்புக்கு வேண்டியது முதலில் புரதம். விரால் மீன் சூப்பு வைக்கச் சொல்லி மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருமே சொல்கிறார்கள். மலாயில் ஹருவான் என்று பெயர், சந்தைகளில் உயிரோடு கிடைக்கும். நல்ல மீன், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதைச் சாப்பிடுவதால் மற்றதைக் கவனிக்க வேண்டாம் என்று ஆகாது. சைவமாக இருந்தால் பருப்பு, தௌஃபூ, தெம்பே, தயிர் இருக்கின்றன. பத்தியத்தில் நான் ஒப்புக்கொள்ளாத பாதி, காயும் பழமும் 'குளிர்ச்சி' என்று நிறுத்துவது. கீரையும் பப்பாளிப் பழமும் இல்லாமல் மலம் இளகாது, கொய்யாவிலும் ஆரஞ்சிலும் உள்ள வைட்டமின் சி இல்லாமல் புதுத் தோல் ஒழுங்காகக் கட்டாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் தேநீரோடும் பாலோடும் போட வேண்டாம்.

லேகியம் சாப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டில் கிண்டிய சுக்கு, மிளகு, திப்பிலி லேகியம் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ ரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். கடையில் வாங்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து, மாத்திரை வகைகள் என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொட வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு லேகியத்திலுள்ள கருப்பட்டியும் கணக்குத்தான். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பிலும் மலேசியாவில் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று வந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் புண் மெதுவாகத்தான் ஆறும், சீக்கிரம் சீழ் வைக்கும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் அந்த இனிப்புத் தண்ணீர் டெஸ்ட்டை இன்னொரு முறை எடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு போய்க் காத்திருக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் போய் எடுத்துவிடுங்கள்.

இப்போது உடம்பை அசைப்பது. படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராதீர்கள். முட்டியை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரு பக்கமாக உருட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு சின்னத் தலையணையைத் தழும்பின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொள்ளுங்கள், வலி பாதியாகக் குறையும். பால் கொடுக்கும்போது குழந்தையை வயிற்றின் குறுக்கே போடாமல், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ, ஒருக்களித்துப் படுத்தோ கொடுத்தால் தழும்பில் உதை விழாது. ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதுவும் தூக்கக் கூடாது. ஈரத் துணி வாளி, அரிசி மூட்டை, எரிவாயு உருளை, தண்ணீர்க் குடம் எல்லாம் இதில் அடங்கும். மூத்த பிள்ளை இருப்பவர்கள் கீழே உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மடியில் ஏறச் சொல்லலாம். ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதானால் மெதுவாக ஏறலாம், படி ஏறுவதே தப்பில்லை. கையில் கார் சீட்டும் பசார் பையும் வைத்துக்கொண்டு ஏறுவதுதான் தப்பு. உட்கார்ந்து எழ வலிக்கும்வரை குந்து கழிப்பறையைத் தவிருங்கள்.

இதையெல்லாம் தனியாக இருக்கும் ஒரு பெண்ணால் கடைப்பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் மணமான ஆண்களுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதே இடத்தில் ஒரு வருடமாவது வேலை செய்து, முன்கூட்டியே தெரிவித்திருந்தால். அந்த 7 நாளில் துணி துவைப்பதும் தரை துடைப்பதும் அவர் வேலை. அது முடிந்த பிறகும்தான். தாய்மாருக்கான விடுப்பு அதே நாளிலிருந்து 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் நின்றபடியே வேலை செய்கிறவர்கள் அந்த 98 நாளையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாளில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஓவர்டைமுக்காகச் சீக்கிரம் திரும்பிப் போகாதீர்கள்.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலில் போய்விடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் நிறைய. 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல் எடுத்துக்கொண்டால் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானது. வலியை அடக்கினால்தான் நடப்பீர்கள், நடந்தால்தான் சீக்கிரம் தேறுவீர்கள். ஆனால் நாளாக நாளாக வலி குறைய வேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினால் அது செய்தி.

எதைக் கண்டு ஓட வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். தழும்பைச் சுற்றிச் சிவப்போ கருஞ்சிவப்போ பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, வீங்கி இறுகுகிறது, சீழோ நாற்றமுள்ள நீரோ கசிகிறது, ஓரிடம் வாய் பிளக்கிறது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். நம் நிறத்தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு இறுக்கத்தைப் பாருங்கள். தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான், முதல் வாரக் கடைசியிலும் இரண்டாம் வாரத்திலும் தலைகாட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய பேட் நனைகிறது, ரத்தப்போக்கில் கெட்ட வாடை அடிக்கிறது, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிக்கிறது என்றால் ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் 999. நாள் பார்க்க வேண்டாம், தீட்டு பார்க்க வேண்டாம், காலையில் போகலாம் என்று வைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம் சேலையை விலக்கித் தழும்பைக் காட்டக் கூச்சப்படாதீர்கள். அவர் வருவதே அதற்குத்தான். தினமும் ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அவருக்கும் உங்களுக்கும் தெரியும்.

இனி உங்கள் தழும்புக்கு வருகிறேன். அரிப்பு, கறுப்பு, மரத்துப்போதல் மூன்றும் மூன்றாவது வாரத்தில் எதிர்பார்க்க வேண்டியவைதான். புண் ஆறும்போது அரிக்கும். நகத்தால் சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியை மேலே கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, ஒற்றி உலர்த்திவிடுங்கள். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் தழும்பு முதலில் கருமையாகவும் ஊதாவாகவும் தடித்திருந்து, மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும். மரத்திருப்பது, வெட்டும்போது தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுபட்டதால். அவை மெதுவாகத்தான் திரும்ப வளரும். இடையில் சுருக்கென்று குத்தும், எறும்பு ஊர்வது போல் இருக்கும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் பெருமளவு சரியாகும், சிலருக்கு ஒரு சின்ன இடம் மரத்தபடியே நின்றுவிடும். அதனால் ஆபத்தில்லை.

இடது முனையில் தட்டுப்படுவது அநேகமாகத் தையல் முடிச்சு. உள்ளே கரையும் நூலால் தைத்தால் கோட்டின் இரண்டு முனையிலும்தான் முடிச்சுப் போடுவார்கள். நூலைப் பொறுத்து அது கரைய இரண்டு மாதமும் ஆகும், நான்கு மாதமும் ஆகும். சில சமயம் நூல் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். பிடித்து இழுக்காதீர்கள், கிளினிக்கில் காட்டினால் நறுக்கிவிடுவார்கள். அந்த இடம் சிவந்து வலித்தாலோ பெரிதானாலோ முன்பே காட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மாதப் பரிசோதனைக்குப் போகும்போது நீங்களே எடுத்துச் சொல்லிக் காட்டுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள், கூட்டம் அப்படி.

அடுத்து, எல்லாரும் மறந்துவிடும் இரண்டாம் காலம். ஆறு வாரம் ஆகி, டாக்டரும் பார்த்து, பொருக்கோ திறந்த இடமோ இல்லை என்று உறுதியான பிறகு தழும்பைத் தேய்க்கத் தொடங்க வேண்டும். ஏனென்றால் ஆறும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் கீழே இழுபட்டு, தழும்பு பள்ளமாகி, அதற்கு மேலே சதை ஒரு திட்டாகத் தொங்கும். நிமிரும்போது இழுக்கும், சிலருக்கு முதுகுவலியும் கூட வரும். கையைக் கழுவிக்கொண்டு, கொஞ்சம் தேங்காயெண்ணெயோ மணமில்லாத கிரீமோ தொட்டு மல்லாந்து படுங்கள். முதல் சில நாள் தழும்பைச் சுற்றி மட்டும் தடவுங்கள். பிறகு இரண்டு விரலைத் தழும்பின் மேலேயே வைத்து, விரல் தோலில் வழுக்காமல், தோல் விரலோடு சேர்ந்து நகரும்படி மேலும் கீழும், பக்கவாட்டில், வட்டமாக அசையுங்கள். ஓரிடத்தில் தோல் நகராமல் பிடித்து நிற்கும், அங்கே கொஞ்ச நேரம் நின்று மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். இழுப்பு தெரியலாம், குத்து வலி இருக்கக் கூடாது. ஐந்து நிமிஷம், நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில மாதங்களுக்கு. சில வாரம் போனபின் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி உருட்ட முடியும். ஆரம்பத்தில் அசையவே அசையாத தழும்பு அப்படித் தூக்க வருகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

தடித்த தழும்பு வருவது நம் நிறத்தவருக்கு அதிகம். வெட்டிய எல்லைக்குள்ளேயே மேடாக நிற்பது ஒரு வகை, அது காலப்போக்கில் கொஞ்சம் தணியும். எல்லையைத் தாண்டி வளர்வது கெலாய்டு, அது தானாகப் போகாது. காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அப்படி வளர்ந்திருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள். புண் மூடியபின் சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் ஒட்டுத்தாள் போடலாம். தாள் என்றால் நாளுக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று மாதம். நம் வியர்வையில் தாள் நழுவும், அரிப்பும் வரும். மடிப்புக்குள் ஜெல்லே சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். கெலாய்டு ஆகிவிட்டால் தோல் மருத்துவர் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். வைட்டமின் ஈ எண்ணெயில் பணம் போடாதீர்கள், தழும்பைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, சிலருக்குத் தடிப்பும் வருகிறது.

தேய்க்கச் சொன்னால் சில பெண்கள் கையைக் கொண்டுபோகவே மாட்டார்கள். குமட்டுகிறது என்பார்கள், சிலர் அழுவார்கள். அவசர சிசேரியனில் அது சாதாரணம். பத்து நிமிஷத்துக்கு முன்புவரை சுகப்பிரசவம் என்று நினைத்திருந்தவளைத் தள்ளிக்கொண்டு ஓடியிருப்பார்கள், யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் 'வலி தெரியாமல் பெற்றுவிட்டாயே' என்று ஒரு பேச்சு. அடுக்கடுக்காக வயிறு அறுபட்டவளிடம் அதைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் முதலில் கைலிக்கு மேலேயே உள்ளங்கையைச் சும்மா வைத்து எடுங்கள். பிறகு ஒரு பஞ்சு, பிறகு மெல்லிய துணி, பிறகு விரல். அவசரமே இல்லை. ஏன் அவசரமாகக் கத்தி வைத்தார்கள் என்பதைப் பரிசோதனை நாளில் டாக்டரிடம் கேளுங்கள், அது உங்கள் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் எழுதியும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகையும் பயமும் தூக்கமின்மையும் விடாமல் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். தமிழில் சொல்லத் தயங்காதீர்கள், நம் ஆள் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

மாதங்கள் கழித்துக் கவனிக்க வேண்டியவை இரண்டு. நிற்கும்போதோ இருமும்போதோ தழும்புக்கு அருகே சதை பிதுங்கினால் குடலிறக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு மாதவிலக்கின்போதும் தழும்பில் ஒரு கட்டி வீங்கி வலித்து, பிறகு அடங்கினால், கர்ப்பப்பை உள்சவ்வின் துணுக்கு தழும்பில் தங்கியிருக்கலாம். அரிதுதான், ஆனால் பல வருடம் வெறும் 'தையல் வலி' என்று மாத்திரை போட்டு ஓட்டியவர்கள் உண்டு. தேதியைக் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் டாக்டர் பிடித்துக்கொள்வார்.

கார் ஓட்டுவது, அவசரமாக பிரேக்கை மிதித்தால் வலிக்காது என்ற நிலை வந்த பிறகு. பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து ஆறு வாரம். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை தழும்புக்குக் கீழே, இடுப்பெலும்பில் அமர வேண்டும், இடையில் மடித்த துண்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். வயிற்றை உள்ளே இழுக்கும் கடும் பயிற்சிகள் மூன்று மாதத்துக்குப் பிறகு. அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் நடையும் இப்போதே செய்யலாம். அடுத்த குழந்தைக்குக் குறைந்தது ஒன்றரை வருடம் இடைவெளி கொடுத்துக் கருத்தரிப்பது நல்லது. கர்ப்பப்பையில் உள்ள தழும்பும் முற்ற வேண்டும் அல்லவா. பால் கொடுத்தால் கரு நிற்காது என்று நம்பி அடுத்த வருடமே வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே ஒரு மாதப் பரிசோதனைக்குப் போகும்போது மூன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள்: இந்த முடிச்சு என்ன, எப்போது தேய்க்கத் தொடங்கலாம், பால் கொடுக்கும்போது எந்தக் கருத்தடை ஒத்துவரும். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். மஞ்சளைப் பற்றி டாக்டரே அவரிடம் சொல்லட்டும்.